நாய்கள் நக்கிய விமானம்

பழைய விமானம் ஒன்றை வாங்கிப் பாருங்கள். உங்களுக்குப் புத்தி சொல்ல ஆள் பஞ்சமே இருக்காது. எங்கள் ஊர் சாந்தா ஆனாவில் மழைக்காலம் வந்துவிட்டால் புல்வெளி நாலு மாதம் தண்ணீருக்குள் கிடக்கும். பாதை என்று ஒன்று இருக்காது. பண்ணைக்குப் போவதென்றால் பறந்துதான் போக வேண்டும். அதனால் இங்கே முடிவெட்டுகிறவர்கூட கத்தரியைக் காதோரம் நிறுத்திவிட்டு எஞ்சினைப் பற்றிப் பேசுவார்.

நாற்பது மாடுகளை விற்று அந்த ஆறு இருக்கை விமானத்தை நான் வாங்கினேன். அந்த வாரம் என் வீட்டில் நாற்காலி காலியாக இருந்ததே இல்லை. மாதம் இரண்டு முறை மெழுகு போட்டுத் தேய்க்காவிட்டால் வெயிலில் பெயிண்ட் வெளிறிவிடும் என்றார் மருந்துக்கடைக்காரர். இறக்கைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாயில் பழைய காலுறை ஒன்றை மாட்டி வை, இல்லையென்றால் குளவி கூடு கட்டிவிடும், வேகம் காட்டும் முள் பொய் சொல்லும் என்றாள் பள்ளித் தலைமையாசிரியை. பீப்பாயிலிருந்து எடுக்கும் எரிபொருளை மெல்லிய தோலில் வடிகட்டாமல் ஊற்றாதே என்று ஒருவர் வந்து தோலையே கொடுத்துவிட்டுப் போனார்.

மெக்கானிக் ஃபாபெர் சொன்னதுதான் எல்லாவற்றிலும் நுணுக்கமானது. பழைய விமானத்தின் இறக்கைக்குள் எரிபொருள் ரப்பர் பையில் இருக்கும், அந்தப் பையில் சுருக்கம் விழுந்திருக்கும், மழைத் தண்ணீர் அந்தச் சுருக்கத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அதனால் காலையில் இறக்கை நுனியைப் பிடித்து நன்றாக ஆட்டிவிட்டு அப்புறம்தான் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை இறக்க வேண்டும் என்றான். என் கையைப் பிடித்துக் காட்டியும் கொடுத்தான்.

எல்லாம் நல்ல புத்திமதிதான். ஒன்று விடாமல் செய்தேன். அதை நினைத்தால்தான் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இத்தனை சொல்லத் தெரிந்த வாய்களுக்கு, சொல்ல வேண்டிய ஒன்றே ஒன்று மட்டும் வரவில்லை. அந்த நேரத்தில் மட்டும் எல்லார் வாயிலும் கொழுக்கட்டை.

விமானத்தை எனக்கு விற்றவர் டொன் ஹெர்லான்; ஊரில் மதிப்பானவர்களை டொன் என்றும் டோன்யா என்றும்தான் கூப்பிடுவோம். என் மகன் ரோமெலுக்கு ஞானத்தகப்பன். எங்கள் பக்கம், பிள்ளையை ஞானஸ்நானத்தில் ஏந்தியவர் அதன் தாய்க்குக் கூடப்பிறந்தவர் மாதிரி. நான் அவரைக் கொம்பாத்ரே என்று கூப்பிட வேண்டும், அவர் என்னைக் கொம்மாத்ரே என்பார். சாகும்வரை இருவருக்குள்ளும் குரல் உயரக்கூடாது. கொம்பாத்ரே விற்கிற பொருளைப் பற்றி வாங்குகிறவரிடம் யாரும் குறை பேசவும் கூடாது. டொன் ஹெர்லான் இந்த ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பன். ஃபாபெரின் மூத்த மகளையும் அவர்தான் ஏந்தினார். மீதியை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

என் கணவர் இறந்த பிறகு ரோமெலை விமானப் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைத்தவர் அவர். அதை நான் மறைக்கவில்லை. ரோமெலுக்கு அவர் சொன்னால் வேதவாக்கு. "பதினோரு வருஷம் என்கூடவே இருந்த பொண்ணு, கொம்மாத்ரே. ஒருநாள்கூட என்னை ஏமாத்தினதில்ல" என்று சொல்லிச் சாவியை என் கையில் வைத்தபோது அவர் கண் கலங்கியது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெட்கக்கேடு.

அவரிடம் முன்பு மூன்று விமானங்கள் இருந்தன. அதில் நீல நிறத்தது ஒன்றுதான் இறைச்சி ஏற்றும். பண்ணைகளில் மாட்டை வெட்டி, கால் காலாகத் துண்டுபோட்டு, இருக்கைகளைக் கழற்றிவிட்டுத் தரையில் அடுக்கி மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விற்பார்கள். அந்த நீல விமானத்தை எப்போதோ ஒரு பிரேசில்காரன் வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். எனக்குக் கொடுத்தது வெள்ளை. சிவப்புக் கோடு போட்டு, புது மணப்பெண் மாதிரி நின்றது. வருடத்தில் பாதி நாள் பண்ணையில் கிடக்கிறவளுக்கு, ஊர்க் கொட்டகையில் எதற்கு எப்போது பெயிண்ட் அடித்தார்கள் என்று எப்படித் தெரியும்?

நாய்களுக்குத் தெரிந்தது. விமானம் என் பேருக்கு வந்த மூன்றாம் நாளே ஓடுதளத்து நாய்கள் நாலைந்து அதன் வயிற்றுக்குக் கீழே படுத்துக்கொண்டு, தகடு சேரும் இடங்களை நக்க ஆரம்பித்தன. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நாய்க்குக்கூட நெல்ஃபியின் விமானம் பிடித்துப்போய்விட்டது என்று முடிவெட்டுகிறவர் என் பேரைச் சொல்லி ஊரெல்லாம் சிரித்தார். நானும் சிரித்தேன். சோப்புப் போட்டு வயிற்றைக் கழுவினேன். மறுநாள் வெயில் ஏறியதும் அவை திரும்ப வந்தன.

சனிக்கிழமை மத்தியானம் இறக்கை நிழலில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருடம் மாடு வளர்த்தவள் நான். நாய் எதை நக்கும், எதை நக்காது என்று எனக்குத் தெரியாதா? எந்த நாயும் பெயிண்டை நக்காது.

வீட்டுக்குப் போய்த் திருப்புளியும் கத்தியும் கொண்டுவந்தேன். முதலில் பராமரிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். கடைசி நாலு வருடமும் ஒவ்வொரு வருடச் சோதனையிலும் 'தரைத்தகடு கழற்றி உள்ளே பார்க்கப்பட்டது' என்று எழுதி, கீழே ஃபாபெர் கையெழுத்துப் போட்டிருந்தான். அப்புறம் உள்ளே ஏறி விமானத்தின் தரையைப் பார்த்தேன். திருகாணிகளின் தலைப் பள்ளம் முழுக்கச் சாம்பல் பெயிண்ட் உறைந்து கிடந்தது. ஒன்றில்கூடத் திருப்புளி பட்ட கீறல் இல்லை. நாலு வருடமாக எவனும் அதைத் தொடவே இல்லை. பழைய விமானம் வாங்குகிறவர்களுக்கு என்னிடமும் ஒரு புத்திமதி உண்டு: புத்தகத்தை அப்புறம் படியுங்கள், திருகாணியை முதலில் படியுங்கள்.

ஒவ்வொன்றின் பள்ளத்தையும் கத்தி நுனியால் சுரண்டிச் சுரண்டித் திறந்தேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. முதல் தகட்டைத் தூக்கியதும் எழுந்த நாற்றத்தில் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அடியில், சட்டியின் அடிப்பிடித்த கருகலைப் போல, கறுப்பாக ஒரு படை. பதினோரு வருட இரத்தமும் உப்பும். அதைச் சுரண்டிய இடத்தில் நீலப் பெயிண்ட் தெரிந்தது. வயிற்றுத் தகட்டில் ஓரிடத்தில் விரலை வைத்து அழுத்தினேன், வெள்ளைப் பொடியாக உதிர்ந்து விரல் அந்தப் பக்கம் போய்விட்டது.

தகடுகூடப் பரவாயில்லை. விமானி கைப்பிடியை இழுக்கும்போது வால் மடிப்பைத் தூக்கி, மூக்கை மேலே எழுப்புவது ஒரு கம்பிக்கயிறு. அது இந்தத் தரைக்குக் கீழேதான் ஓடுகிறது. அதன்மேல் ஒரு துணியை வைத்து உருவிக்கொண்டே போனேன். பத்து இடத்தில் துணி மாட்டியது. கப்பி மேல் வளைகிற இடத்தில் இழைகள் அறுந்து முள்முள்ளாக நின்றன. மிச்சம் சில இழைகள்தான் பிடித்துக்கொண்டிருந்தன, அவையும் துருவில்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அந்த விமானத்தில் என் மகன் முதல் தடவையாகப் பண்ணைக்குப் பறக்க வேண்டும். பின்னால் அவன் மனைவி யானின். அவள் மடியில் என் ஒன்றரை வயதுப் பேத்தி. எங்கள் பண்ணை ஓடுதளம் குட்டையானது, முடிவில் பனைமரங்கள். திரும்ப எழும்பும்போது கைப்பிடியை வயிறுவரை இழுத்தால்தான் அவற்றைத் தாண்ட முடியும்.

ரோமெலைக் கூட்டிவந்து காட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தான். முகம் மாறியது. ஆனால் அவன் மாறவில்லை. பழைய விமானம் என்றால் துரு இருக்கத்தான் செய்யும் என்றான். நாளைக்குத் திருப்பலி முடிந்ததும் பாதிரியார் வந்து விமானத்தை மந்திரிப்பார், அதற்கு ஞானத்தகப்பன் கன்றுக்குட்டி வெட்டச் சொல்லியிருக்கிறார், ஊரே வரும், இந்த நேரத்தில் தரையைப் பெயர்த்து வைத்து அவரைத் திருடன் என்று சொல்லப்போகிறாயா என்று கேட்டான். இரத்தத்தைப் பார்த்து நான் பயந்துவிட்டேனாம். பிறந்ததிலிருந்து மாடு அறுப்பதைப் பார்த்தவள் நான்.

"நான் ஃபாபெர் அண்ணனைக் கேக்கறேம்மா. அவர் வேணாம்னு சொல்லிட்டா நான் பறக்கல. போதுமா?"

"கையெழுத்துப் போட்டவனையே போய்க் கேக்கறியா?"

அவன் ஃபாபெரைத் தேடிப் போய்விட்டான். அன்று ராத்திரி ரோமெல் எதிரிலேயே யானினிடம் சொன்னேன். அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வீட்டில் மாமியார் பேச்சைக் கேட்டுப் புருஷனின் பறப்பை நிறுத்துகிற இடத்தில் அவளை யாரும் வைக்கவில்லை, நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஓடுதளத்துக்குப் போனபோது தரைத்தகடுகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. விடியற்காலையிலேயே ஃபாபெர் வந்து மூடித் திருகிவிட்டான். எண்ணெய் போட்டாயிற்று, இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கும் என்று ரோமெலிடம் சொல்லியிருக்கிறான். என்னைக் கண்டதும் தன் கருவிப்பெட்டிக்குள் எதையோ தேட ஆரம்பித்தான். இறக்கையை எப்படி ஆட்ட வேண்டுமென்று என் கையைப் பிடித்துக் காட்டிய அதே ஆள்தான்.

ஊரே வந்திருந்தது. கன்றுக்குட்டி ஒருபக்கம் வெந்துகொண்டிருந்தது. பாதிரியார் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனதும் டொன் ஹெர்லான் முதல் பீரை உடைத்து விமானத்தின் மூக்கு விசிறிமேல் ஊற்றினார், எல்லோரும் கை தட்டினார்கள். யானின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பையோடு கதவருகே நின்றாள். ரோமெல் கதவைத் திறந்தான். நான் போய் விசிறிக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

இது இறைச்சி விமானம், உள்ளே வாலைத் தூக்கும் கம்பிக்கயிறு இழை இழையாக அறுந்து நிற்கிறது, யாரும் இதில் ஏறப்போவதில்லை என்று சத்தமாகவே சொன்னேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்த முகங்களை நான் மறக்கவே மாட்டேன். ஒரு முகத்திலாவது அப்படியா என்ற கேள்வி வர வேண்டுமே? எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கூட்டத்தில் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டவளைப் பார்ப்பதுபோல் தலைமையாசிரியை மட்டும் என்னைப் பார்த்தாள்.

டொன் ஹெர்லான் கோபப்படவில்லை. சிரித்தார். புருஷனை இழந்தவள், ஒரே பிள்ளை, பயம் வரத்தானே செய்யும் என்று கூட்டத்துக்கு என்னை விளக்கினார். என் தோளில் கை வைத்தார். அந்தக் கையைக் கடிக்க வேண்டும்போல் இருந்தது.

"பயம்னே வெச்சுக்குவோம், கொம்பாத்ரே. ஏறி உக்காருங்க. எஞ்சின் வேணாம். கைப்பிடிய இழுத்து மட்டும் காட்டுங்க, என் பயம் போயிடும்."

அவர் தயங்குவார் என்று நினைத்தேன். மழுப்புவார், இடுப்புவலி என்பார் என்று நினைத்தேன். சரியென்று தொப்பியைக் கழற்றி ஃபாபெரிடம் கொடுத்துவிட்டு உடனே ஏறி உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு உண்மையாகவே வயிறு எரிந்தது. அந்த மனிதர் பொய் சொல்லியிருக்கவில்லை. பதினோரு வருடம் அந்தத் தரைமேல் உட்கார்ந்து பறந்தவருக்கு, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருநாள் பார்க்கத் தோன்றவில்லை. விழவில்லை, அதனால் விழாது. அவ்வளவுதான் அவருடைய கணக்கு. பொய்யனை ஊரறிய வெளுத்து வாங்கலாம். இந்த மாதிரி ஆளை என்ன செய்வது?

ரோமெலைப் பின்னால் போய் வால் மடிப்பை இரண்டு கையாலும் கீழே அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். பறக்கும்போது காற்று அதை எப்படி அழுத்துமோ அப்படி. அவனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. அம்மாவின் கூத்தைச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்றுதான் போனான்.

டொன் ஹெர்லான் இழுத்தார். கயிறு தாங்கியது. வால் மடிப்பு ரோமெலின் கையை மீறி மேலே வந்தது. யாரோ கை தட்டினார்கள். ஃபாபெர் பெருமூச்சு விட்டான். அடுத்த பீர் உடைபடும் சத்தம் கேட்டது. ஒருவேளை நான்தான் பைத்தியமோ என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தக் கணத்துக்காகவும் அவர்களை நான் மன்னிக்கப்போவதில்லை.

"அது நம்ம ஊர் ஓடுதளத்துக்கு இழுக்கற மாதிரி. என் பண்ணைக்கு இழுங்க. பனைமரம் எதிர்ல வருது, பின்னால குழந்த உக்காந்திருக்கு. இழுங்க."

ரோமெலிடம் முழு எடையையும் போட்டு அழுத்தச் சொன்னேன். அழுத்தினான். டொன் ஹெர்லான் காலை முன்னால் ஊன்றிக்கொண்டு, இரண்டு கையாலும், பல்லைக் கடித்து இழுத்தார்.

பெரிய சத்தமெல்லாம் வரவில்லை. தரைக்குக் கீழே டப்பென்று ஒன்று, அவ்வளவுதான். கைப்பிடி அவர் வயிற்றில் வந்து மோதியது. முன்னால் தள்ளினார், திரும்ப இழுத்தார். தள்ளினார், இழுத்தார். கைப்பிடி தாராளமாக வந்து போனது. பின்னால் வால் மடிப்பு அசையவில்லை.

ரோமெல் அதை விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்தபடியே நின்றான். தன் கைக்குள்தான் அது செத்தது என்பது அவனுக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். யானின் பையைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தையின் தலையை மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

ஃபாபெர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். "சொல்லணும்னுதான் இருந்தேன், டோன்யா நெல்ஃபி. கார்னிவல் திருவிழா கழியட்டும்னு பாத்தேன்."

கார்னிவலுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. நான் அவனை அறைந்தேன். என் வாழ்க்கையில் ஒரு பெரிய ஆளை அறைந்தது அதுதான் முதல் தடவை. அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை.

ரோமெல் வாலை விட்டுவிட்டு முன்னால் வந்தான். டொன் ஹெர்லான் இன்னும் இறங்கவில்லை, கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அவன் அவரிடம் கத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டான்.

"இதுதான் அந்த நீல விமானம்னு உங்களுக்குத் தெரியும்ல, ஞானத்தகப்பனே? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எல்லாருக்கும்தான் தெரியும்பா. ஊர்ல யாருக்குத் தெரியாது? பிரேசில்காரன் கொண்டுபோனது வேற ஒண்ணு." அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட அதைச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்க மாடும் இதுலதானே போச்சு, கொம்மாத்ரே. உங்க வீட்டுக்காரர் இருந்தப்போ மூணு வருஷம். அன்னிக்கு ரத்தம் எங்க போகுது, தரைக்கு அடியில என்ன ஆகுதுன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கீங்களா? அப்ப இந்தக் கைப்பிடியைப் பிடிச்சு உக்காந்திருந்தவன் நான்."

கன்றுக்குட்டி கருகும் வாசனை வந்தது, அதைத் திருப்பிவிடக்கூட யாரும் போகவில்லை. ரோமெல் இப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேட்டதில்லை. மூன்று மழைக்காலம். கால் காலாகத் துண்டுபோட்டு, ஈரம் சொட்டச் சொட்ட, எங்கள் பனைமரங்களுக்கு இந்தப் பக்கம் நின்று நானே ஏற்றிவிட்டிருக்கிறேன். ஏற்றி முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். விமானம் மரத்தைத் தாண்டியதா என்று திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

அதை அங்கேயே, எல்லோருக்கும் கேட்கும்படி, என் மகனிடம் சொன்னேன். சொல்லிவிட்டால் மனம் ஆறிவிடும் என்பார்களே, எனக்கு ஆறவில்லை. ஹெர்லான்மேல் இருந்த கோபம் ஒரு துளி குறையவில்லை, ஃபாபெர்மேல் இருந்ததும் குறையவில்லை. அந்த வரிசையில் இன்னொரு ஆள் கூடிவிட்டாள், அவ்வளவுதான். அவள் முகத்தைத்தான் நான் தினமும் கழுவ வேண்டியிருக்கிறது.